"நானும் அப்படித்தான் சாவேனா அம்மா?"

கேள்வி: ஐயா, என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 43. ராத்திரி டாஸ்மாக் கடையிலிருந்து திரும்பும்போது, ரோட்டோரம் லைட் போடாமல் நின்ற லாரியில் பைக் மோதிவிட்டது. இரண்டு நாள் ஐசியூவில் கிடந்தார். என் மாமனாரும் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுத்தான் போனார். துக்கம் விசாரிக்க வந்த ஜெப வீட்டு ஊழியர் ஒருவர், "இது கர்த்தருடைய நியாயத்தீர்ப்பு. மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விடாது என்று வசனமே இருக்கிறது. அடுத்தது உன் மகன்தான்" என்றார். சாபத்தை முறிக்க மூன்று நாள் உபவாச ஜெபம், 15,000 ரூபாய் காணிக்கை என்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அன்று ராத்திரி, "நானும் அப்படித்தான் சாவேனா அம்மா?" என்றான்.

ஐசியூவில் அவர் காதருகே குனிந்து, "இயேசுவேன்னு மனசுக்குள்ள சொல்லுங்க" என்றேன். கண்ணோரம் தண்ணீர் வடிந்தது. அது மனந்திரும்புதலா, ஐயா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடிபோதையில் ஒருமுறை என் இடது கையை ஒடித்திருக்கிறார். "அவர் கர்த்தரிடம் போய்விட்டார்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. "நரகத்துக்குத்தான் போயிருப்பான்" என்று யாராவது சொன்னால் அழுகை வருகிறது. இப்படி இருப்பது பாவமா? வருஷம் முடிவதற்குள் கல்லறை கட்ட வேண்டும். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்று கல்லில் வெட்டலாம் என்கிறார் கொழுந்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன வெட்டுவது?

(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அன்பான சகோதரி,

முதலில் அந்த 15,000 ரூபாய். கொடுக்காதீர்கள். யாரிடமாவது கைமாற்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். காரணம் படித்து முடிப்பதற்குள் அவர் திரும்ப வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்றுதான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்தது உங்கள் மகன். உங்கள் கடிதத்தில் நான்கு கேள்வி இருக்கிறது. பதில் வந்தே ஆக வேண்டியது அவன் கேட்ட ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் காத்திருக்கும். இன்று சாயங்காலமே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வேதாகமத்தில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை எடுங்கள். அந்த ஊழியர் சொன்ன வசனம் 5-ஆவது. அவர் பொய் சொல்லவில்லை, அது அங்கேயே இருக்கிறது. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று நடுவில் ஒரு வார்த்தை வருகிறது, அதைக் காணோம். அது விக்கிரகத்தைப் பற்றிய இரண்டாம் கற்பனை (கட்டளை), குடியைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை; அதையும் காணோம். 6-ஆம் வசனத்துக்கு அவர் போகவே இல்லை. "என்னிடத்தில் அன்புகூர்ந்து, என் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கோ ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கஞ்செய்கிறவராயிருக்கிறேன்." ஒரு பக்கம் நான்கு, இன்னொரு பக்கம் ஆயிரம். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் இந்தப் பக்கம் 100 வருஷம், அந்தப் பக்கம் 25,000 வருஷம். மகன் பத்தாம் வகுப்புதானே, விகிதம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு இருநூற்றைம்பது வரும்.

அந்தக் காலத்து வீட்டையும் யோசித்துப் பாருங்கள். பாட்டன், தகப்பன், மகன், பேரன் என்று நாலு தலைமுறையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது. வீட்டுக்குப் பெரியவர் வழிமாறிப் போனால் அந்தக் கூரைக்குக் கீழே இருந்த எல்லோர் தலையிலும் அது விழுந்தது. செய்யாத பிள்ளையைத் தேடிப் பிடித்து அடிக்கிற கணக்கு அதில் இல்லை.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச ஆசை. "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவராயிருக்கிறேன்" என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. விசாரிப்பது என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் நமக்கு உடனே ஞாபகம் வருகிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு எட்டு மாதமாக ஆட்கள் வருகிறார்களே, அவர்கள் எதற்கு வருகிறார்கள்? துக்கம் விசாரிக்க. பேதுரு எழுதிய முதல் நிருபத்தில் 5:7-ஐப் பாருங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." அதே வார்த்தை. மூலபாஷையில் இரண்டும் வேறு வேறு சொல்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாத்திராகமத்தில் இருக்கிற எபிரெயச் சொல்லுக்கும் இதே இரண்டு முகம் உண்டு. ஆதியாகமம் 21:1-இல், பிள்ளையில்லாத சாராளிடம் கர்த்தர் வந்தார் என்பதற்கு அதே சொல்தான் வருகிறது. அங்கே நம் ஆட்கள் "கடாட்சமானார்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கணக்குக் கேட்க வருவதும் நலம் கேட்க வருவதும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. தமிழில் அது தானாகவே அமைந்துவிட்டது எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம்.

தலைமுறை வாதம் புதிதும் இல்லை. கிறிஸ்துவுக்குமுன் 597-இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று அதைப் பழமொழியாகவே ஆக்கியிருந்தார்கள். அப்பன் புளிப்பைத் தின்றான், பல் கூசுவது எனக்கு. எசேக்கியேல் தீர்க்கதரிசி அவர்களோடு அகதியாக இருந்தவர். அவர் வாயிலாகக் கர்த்தர், இனி இந்தப் பழமொழியை யாரும் சொல்லக் கூடாது என்கிறார். 18-ஆம் அதிகாரம் முழுக்க இதுதான். தகப்பன் அக்கிரமக்காரன், மகன் அதைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்யாமல் இருக்கிறான்; அந்த மகன் பிழைப்பான் என்று ஒரு வீட்டையே உதாரணமாகக் காட்டுகிறார். 20-ஆம் வசனத்தில், "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று முடிவாகவே வருகிறது. அந்த ஊழியரிடம் வாதம் செய்ய வேண்டாம், ஆனால் இந்த அதிகாரத்தை மகன் ஒருதரம் சத்தமாக வாசிக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதைவிட அச்சில் இருப்பதில் நம்பிக்கை அதிகம்.

அவனுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். ஞாயிறு பள்ளியில் கோராகின் கதை கேட்டிருப்பான். மோசேக்கு எதிராக எழும்பியவன். பூமி பிளந்து அவனை விழுங்கியது. எண்ணாகமம் 16. நியாயத்தீர்ப்பு என்றால் இதைவிடப் பயங்கரமான காட்சி வேதாகமத்தில் கிடைப்பது அரிது. பத்து அதிகாரம் தள்ளி, ஜனத்தொகைக் கணக்கெடுக்கும் இடத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: "கோராகின் குமாரரோ சாகவில்லை." 26:11. அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. அப்புறம் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 42, 46, 84 இவற்றின் தலைப்பில் "கோராகின் புத்திரர்" என்று இருக்கும். அந்தக் குடும்பம் பிற்காலத்தில் ஆலயத்தில் பாடுகிற குடும்பமாகிவிட்டது. "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்று நாம் எல்லாச் சாவு வீட்டிலும் வாசிக்கிறோமே, அது அவர்கள் பாட்டு. அதன் இரண்டாம் வசனம் "ஆகையால் பூமி நிலைமாறினாலும்" என்று தொடங்குகிறது. யாருடைய மூதாதையைப் பூமி விழுங்கியதோ அவர்களே பாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சாபத்துக்கு வருவோம். சாபத்தை முறிக்க வேண்டுமா என்றால், கிறிஸ்தவனுக்கு அது ஏற்கெனவே முடிந்த வேலை. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" நம்மை மீட்டுக்கொண்டார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார் (3:13). இன்னும் 15,000 ரூபாய் பாக்கி இருப்பதாக அவர் எழுதவில்லை.

இதனால் பரம்பரையில் ஒன்றுமே வராது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வரும். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருவர் குடிக்கு அடிமையாவதற்கும் இன்னொருவர் ஆகாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் மகன் குடிகாரனாகப் போவதற்குப் பாதி வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு என்ன சொல்வோம்? நீ மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்போம். அதையேதான் இங்கும் சொல்ல வேண்டும். மற்றப் பையன்களுக்கு ஒரு பீர் விளையாட்டாக இருக்கலாம், உனக்கு அப்படி இல்லை. உன் உடம்பு அதை வேறு மாதிரி வாங்கிக்கொள்ளக்கூடும் என்று நேராகச் சொல்லுங்கள். சாபம் என்று சொன்னால் அவன் கை கட்டிக்கொண்டு காத்திருப்பான். உடம்பு என்று சொன்னால் அவனால் ஏதாவது செய்ய முடியும். சாபம் என்று நம்பி வளர்ந்த பையன்கள் பதினெட்டு வயதில், "எப்படியும் வரத்தானே போகிறது" என்று முதல் கிளாஸை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது, காசு கேட்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அதிலேயே அலட்டீன் என்று தனியாக உண்டு. பக்கத்து டவுனில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். பாதிக் கூட்டம் சர்ச் ஹாலில்தான் நடக்கும். மகன் தூங்காமல் இருந்தாலோ படிப்பில் சட்டென்று விழுந்தாலோ 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். சபைக் குருவான ஐயர் ஒருவர் இதையெல்லாம் சொல்கிறாரே, ஜெபம் போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போடாமலா இருக்கிறார்கள்?

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன்.

அந்த விபத்து கர்த்தருடைய தீர்ப்பா? நீங்கள் எழுதியதில் இரண்டு காரணம் இருக்கிறது: அவர் குடித்திருந்தார், லாரியில் லைட் இல்லை. மூன்றாவதாக ஒன்றைத் தேட எனக்குத் தோன்றவில்லை. லூக்கா 13-இல் இயேசுவிடம் கிட்டத்தட்ட இதே கேள்வி வருகிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா? அப்படியல்ல என்று உங்களுக்குச் சொல்லுகிறேன் என்கிறார். அதோடு விடவில்லை. நீங்கள் மனந்திரும்பாமற்போனால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று, கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். செத்த 18 பேரைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நியாயத்தீர்ப்பு என்பது உயிரோடிருப்பவன் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்வதற்கு. பக்கத்து வீட்டுப் பாடைமேல் ஒட்டுவதற்கு அல்ல. சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊழியர் இதைத்தான் தலைகீழாகச் செய்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஏனென்றால் நானே அதைச் செய்தவன். 1989-இல், குருவானவராகி இரண்டாவது வருஷம், ஒரு கிராமத்துச் சபையில் அடக்க ஆராதனை. செத்தவர் ஊரறிந்த குடிகாரர், வயது நாற்பதுக்குள். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற வசனத்தை எடுத்து இருபது நிமிஷம் பேசினேன். வாலிபர்களுக்கு எச்சரிப்பாக இருக்கட்டும் என்று நினைப்பு. பெரியவர்கள் இரண்டு பேர் கைகொடுத்து, "நல்ல செய்தி ஐயரே" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் காலையில் அவருடைய தாயார் பார்சனேஜுக்கு வந்தார். தை மாதம். ஓலையில் சுற்றிய ஒரு கட்டுப் பனங்கிழங்கைத் திண்ணையில் வைத்தார். ஐயர் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்கிற வழக்கம், மகனைப் புதைத்த மறுநாளும் அவரை விடவில்லை. நின்றுகொண்டேதான் பேசினார். "ஐயரே, நேத்து எம் மவனப் பத்தி எல்லாஞ் சொன்னீய. பொய் ஒண்ணும் சொல்லல. அவன் பதிமூணு வயசுல அப்பன் இல்லாம பனை ஏறுனவன். ரெண்டு தங்கச்சியக் கட்டிக் குடுத்தவன். அதையுஞ் சொல்லிருக்கலாம்லா?" நான் வாயைத் திறக்கவில்லை. "சரி விடுங்க, கர்த்தருக்கு அதுவுந் தெரியும்" என்றார். கிழங்கை எப்படி வேக வைக்க வேண்டும், எவ்வளவு மஞ்சள் போட வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாதி ஃபைலை வைத்துக்கொண்டு நான் தீர்ப்பு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எந்த அடக்க ஆராதனையிலும் செத்தவருக்கு நான் மார்க் போட்டதில்லை, கூட்டியும் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை.

ஐசியூவில் நீங்கள் பார்த்த கண்ணீரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அதுவும் பாதி ஃபைல்தான். பதினொரு வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்காக ஜெபிக்கும் குருவாக, இருந்தேன். மயக்கத்தில் இருப்பவர்களுக்கு இமை சரியாக மூடாது, கண் காய்ந்து நீர் வடியும். நர்சுகள் மருந்து போட்டு, டேப் ஒட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். மயக்கத்தில் கிடந்து பிழைத்து வந்தவர்கள், கட்டிலருகே யார் என்ன ஜெபித்தார்கள் என்று அப்படியே திருப்பிச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். உங்கள் குரல் அவருக்குக் கேட்டிருக்கலாம். அவர் இயேசுவே என்று சொல்லியிருக்கலாம். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, செய்ததைத் திருப்பிச் செய்ய நேரமும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் அவனுக்குக் கிடைத்தது. உங்கள் கணவருக்கும் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நம்ப உங்களுக்கு இடமுண்டு. உறுதி வேண்டும் என்று என்னைக் கேட்டால், எந்த ஐயரிடமும் அது கிடையாது. இருக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

கத்தோலிக்க சபை ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசுத்தவான்கள் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், இறந்தோருக்காகப் பூசை என்பதிலெல்லாம் நமக்கும் அவர்களுக்கும் ஐந்நூறு வருஷ வழக்கு இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் காட்டும் வாயடக்கம் நம் ஜெப வீடுகளுக்கும் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது உங்கள் கை.

கோபமும் அழுகையும் மாறி மாறி வருவது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் கடிதத்திலேயே நேர்மையான வரி அதுதான் என்று எனக்குப் பட்டது. "கர்த்தரிடம் போய்விட்டார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், ஒடிந்த கைக்குக் கணக்கு எங்கே? மாவுக்கட்டோடு நீங்கள் தண்ணீர் எடுத்த நாட்களுக்குக் கணக்கு எங்கே? அதனால்தான் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். நாம் நியாயத்தீர்ப்பு என்றாலே பயப்படப் பழகிவிட்டோம். சங்கீதம் 96-இல் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டுவிருட்சங்களெல்லாம் கெம்பீரிக்கின்றன. ஏன்? அடி வாங்கியவனுக்கு நீதிபதி வருவது நல்ல செய்தி. வழக்குப் போட முடியாதவர்கள், ஸ்டேஷனுக்குப் போனால் "புருஷன் பெண்டாட்டி விஷயம், சமாதானமாப் போங்கம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், இவர்களுக்கும் ஒரு நாள் கேஸ் எடுக்கப்படும் என்பதுதான் அந்தச் சங்கீதம்.

அந்தத் தாயார் சொன்னது எனக்கு இங்கேதான் உதவுகிறது. கர்த்தருக்கு எல்லாம் தெரியும் என்றால், அவர் மகன் பனை ஏறியதும் தெரியும். உங்கள் கை ஒடிந்ததும் தெரியும். முழு ஃபைலும் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. அவர் இரக்கம் காட்டினால் உங்கள் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டுக் காட்டப் போவதில்லை. ஒன்றும் நடக்காததுபோல் விட்டுவிடுவதற்கு மன்னிப்பு என்று பெயர் கிடையாது. நடந்தது இன்னது என்று சொன்ன பிறகுதான் மன்னிப்பு என்ற பேச்சே வரும். யோவான் 5:27-இல், நியாயந்தீர்க்கும் அதிகாரம் குமாரனுக்குக் கொடுக்கப்பட்டதன் காரணம் "அவர் மனுஷகுமாரனாயிருக்கிறபடியால்" என்று இருக்கிறது. அந்த ஆசனத்தில் இருப்பவர் அடி என்றால் என்ன என்று தெரிந்தவர். உங்கள் கணவர் அவர் முன்னால் நின்றிருந்தால், உங்கள் கையைப் பற்றிய பேச்சு வராமல் போயிருக்காது. அது எப்படி முடிந்தது என்று உங்களுக்கோ எனக்கோ தெரிய வேண்டியதில்லை.

யோனாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நினிவேயை எச்சரிக்கக் கர்த்தர் அனுப்பியபோது ஓடிப்போன தீர்க்கதரிசி. நினிவே அசீரியர்களின் நகரம், இன்றைய ஈராக்கில் மோசூல் பக்கத்தில் இடிபாடுகள் இருக்கின்றன. வட இஸ்ரவேலைக் கிறிஸ்துவுக்குமுன் 722-இல் அழித்தது அந்த ராஜ்யம்தான். அப்படிப்பட்ட ஊர் மனந்திரும்பியதும் அதற்கு மன்னிப்பா என்று யோனாவுக்கு எரிச்சல். நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முன்னாடியே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று கர்த்தரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கர்த்தர் அவரை அடிக்கவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" என்று கேட்டார், வெயிலுக்கு ஓர் ஆமணக்கு நிழல் கொடுத்தார், அது காய்ந்ததும் மறுபடி பேசினார். கடைசியில், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத லட்சத்திருபதினாயிரம் பேரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவே இல்லை. அவருக்கு நேரம் கொடுக்கப்பட்டது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் யாராவது, "இன்னுமா மன்னிக்கலை? கசப்பை வைக்காத" என்று அவசரப்படுத்தினால், ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அது பொய்யும் அல்ல.

அழுகை வருகிறதே, அதையும் விட்டுவிடாதீர்கள். அவர் கெட்டுப்போகக் கூடாது என்று உங்களுக்குள் ஏதோ ஒன்று இன்னும் கேட்கிறது. கையை ஒடித்தவனுக்காக அழ முடிகிற மனசை நீங்களாக வரவழைத்துக்கொள்ள முடியாது. எங்கிருந்து வருகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

கல்லறைக் கல்லுக்கு, "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" வேண்டாம். பவுல் தீமோத்தேயுவுக்குத் தன் முடிவைப் பற்றி எழுதிய வரி அது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு நேர் எதிராகக் கல்லில் வெட்டினால், நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்ற வரும் உங்கள் மகன் ஒவ்வொரு வருஷமும் அதைப் படிக்க வேண்டியிருக்கும். வெறும் பெயரும் தேதியும் போதும் என்றால் அதிலும் குறைவில்லை. வசனம் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதம் பிடித்தால் 130-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனத்தைக் கேட்டுப் பாருங்கள்: "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே." அதில் அவரைத் தூக்கிவைக்கவும் இல்லை, இறக்கிவைக்கவும் இல்லை. கல்லுக்கு முன்னால் நின்று படிக்கிற எல்லோரையும் அது சேர்த்துக்கொள்கிறது, உங்கள் கொழுந்தனாரையும், அந்த ஊழியரையும், என்னையும். "கவனித்திருப்பீரானால்" என்ற சொல்லுக்குப் பதில் வேறு எதையாவது போட்டுவிடப் போகிறார்கள். கல் வெட்டுகிறவரிடம் வாயால் சொல்லாமல், மகனை ஒரு தாளில் எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் எழுத்துக் கணக்கில்தான் கூலி கேட்பார்கள். பெரிதாகத் தெரிந்தால் "யார் நிலைநிற்பான், ஆண்டவரே" மட்டும் போட்டு, அடியில் சங்கீதம் 130:3 என்று வெட்டச் சொல்லலாம்.